பீர் ருசி தெரியாத பீர் மேதை!

லூயி பாஸ்டர் வாழ்க்கையில் ஒரு சுவையான பகுதி

பாரிஸ் நகரில் ஒரு கல்லூரி. அதன் ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு நண்பர்கள். எதிரே பீர் நிரம்பிய கண்ணாடிக் குவளைகள்.

ஒருவர் ஒவ்வொரு குவளையாக எடுத்து ருசி பார்க்கிறார். இது நல்ல பீர்; அது மட்டம்; இதில் கசப்பு அளவாக இருக்கிறது; அதில் புளிப்பு தட்டுகிறது என்று பிட்டுப்பிட்டு வைக்கிறார்.

மற்றவரும் ருசி பார்க்கிறார். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை! எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது. நண்பரின் நாக்கைக் கண்டு அவருக்கு ஒரே வியப்பு.

1870-களில் இந்தக் காட்சி பல முறை நடந்தது. ருசி பார்த்துச் சொன்னவர் பெயர் பெர்த்தின். ருசி தெரியாமல் விழித்தவர் யார் தெரியுமா?

அவர்தான் லூயி பாஸ்டர்! வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட அதே பாஸ்டர். பீரைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் அந்தத் தொழிலையே மாற்றி அமைத்தது.

பீரின் ருசி தெரியாதவர் பீரைப் பற்றி ஏன் ஆராய்ந்தார்? அதற்குக் காரணம் ஒரு யுத்தம். ஒரு தகப்பனின் கண்ணீர். ஒரு தேசத்தின் அவமானம்.

தோல் பதனிடுபவர் மகன்

பிரான்சு நாட்டில் டோல் என்ற சிற்றூரில் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பாஸ்டர் பிறந்தார். தகப்பனார் தோல் பதனிடும் தொழிலாளி. நெப்போலியனின் படையில் சார்ஜெண்டாக இருந்தவர். சிறு வயதிலேயே பாஸ்டரின் குடும்பம் அர்புவா என்ற ஊரில் குடியேறியது.

பள்ளிக்கூடத்தில் பாஸ்டர் முதல் மாணவர் அல்ல. நன்றாகப் படம் வரைவார். தாய், தகப்பன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து வைத்தார்.

பதினாறு வயது நிரம்பும் முன்பே அவரைப் படிப்புக்காகப் பாரிசுக்கு அனுப்பினார்கள். பையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டு ஞாபகம் வாட்டியது. தகப்பனாரின் பட்டறையில் வீசும் தோல் வாடையைக் கூட நினைத்து ஏங்கினான். கடைசியில் தகப்பனாரே வந்து ஊருக்கு அழைத்துப் போனார்.

ஆனால் பையன் விடாப்பிடியானவன். பெசான்சோன் என்ற ஊரில் மீண்டும் படித்தான். 1842-ம் ஆண்டு அறிவியல் பரீட்சையில் தேறினான். அதில் ரசாயனப் பாடத்தில் அவனுக்குக் கிடைத்த மதிப்பு என்ன தெரியுமா? சுமார்! பிற்காலத்தில் உலகம் போற்றிய ரசாயன மேதைக்கு அன்று கிடைத்த பட்டம் அதுதான்.

பாரிசின் புகழ் பெற்ற எகோல் நோர்மால் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் பட்டியலில் தன் பெயர் கீழே இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. சேர மறுத்து, மறு ஆண்டு மீண்டும் பரீட்சை எழுதி, உயர்ந்த இடம் பெற்று, அதன் பிறகே சேர்ந்தார்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் திருமணம்

1849-ம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பாஸ்டர் பேராசிரியர் ஆனார். அங்கே பழைய பள்ளித் தோழர் பெர்த்தின் பௌதிகப் பேராசிரியராக இருந்தார். அந்த நகரம் பீருக்குப் பெயர் போனது. பெர்த்தின் நகைச்சுவையாகப் பேசுபவர், பீர்ப் பிரியர். அங்கே பல ஆண்டுகள் தங்கியதில் அவர் நாக்கு நன்றாகத் தீட்டப்பட்டுவிட்டது.

பாஸ்டருக்கு பீரில் நாட்டம் இல்லை. அவர் மனதைப் பறித்தது வேறு. கல்வி அதிகாரி ஒருவரின் மகள் மேரி லொரான். பார்த்த சில வாரங்களிலேயே பெண் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டார். அதே ஆண்டு மே மாதம் திருமணம் நடந்தது. கணவர் சொல்லச் சொல்லக் குறிப்பெழுதி, கடைசி வரை அவருடைய ஆராய்ச்சியில் துணை நின்றார் அந்த அம்மையார்.

உருண்டையும் குச்சியும்

1854-ல் பாஸ்டர் லீல் நகருக்கு மாற்றலானார். தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. 1856-ல் ஓர் ஆலை முதலாளி அவரிடம் ஓடி வந்தார். சர்க்கரைக் கிழங்குச் சாற்றிலிருந்து சாராயம் வடிப்பது அவர் தொழில். தொட்டிகளில் சாறு கெட்டுப் புளித்துப் போகிறது. பெரும் நஷ்டம் என்று முறையிட்டார்.

பாஸ்டர் ஆலைக்குப் போனார். தொட்டிச் சாற்றைக் கொண்டு வந்து மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். நல்ல சாற்றில் சிறு சிறு உருண்டைகள் தெரிந்தன. அவைதான் ஈஸ்ட். கெட்ட சாற்றிலோ குச்சி குச்சியாக வேறு கிருமிகள் நெளிந்தன!

இட்லி மாவை அரைத்து இரவில் மூடி வைக்கிறோம். காலையில் அது பொங்கி நிற்கிறது. மாவுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேலை செய்வதுதான் காரணம். இது இன்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் ஜெர்மனியின் பெரிய ரசாயன நிபுணர் லீபிக் கூட இதை ஒப்புக்கொள்ளவில்லை. புளிப்பது வெறும் ரசாயன மாற்றம், அங்கே உயிருக்கு வேலை இல்லை என்பது அவர் கட்சி.

புளிக்கச் செய்வது உயிர்தான் என்று பாஸ்டர் நிரூபித்தார். ஒவ்வொரு விதமான புளிப்புக்கும் ஒவ்வொரு விதமான நுண்ணுயிர் காரணம் என்றும் காட்டினார்.

ஏமாந்த நாக்குகள்!

அடுத்து வந்தது திராட்சை மதுவின் பிரச்னை. பிரெஞ்சு மது வெளிநாடு போய்ச் சேரும் முன் கெட்டுப் போயிற்று. பேரரசர் மூன்றாம் நெப்போலியன், இதைக் கவனிக்கும்படி பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார்.

பாஸ்டர் கண்ட வழி மிக எளிது. மதுவைக் கொதிக்க விடாமல், 50 முதல் 60 டிகிரி வரை மட்டும் சூடாக்கினால் போதும். கெடுக்கும் கிருமிகள் ஒடுங்கிவிடும். இந்த முறைக்குத்தான் பாஸ்டர் முறை என்று உலகம் பெயரிட்டது.

சூடு காட்டினால் ருசி போய்விடுமே என்று வியாபாரிகள் அஞ்சினார்கள். 1865-ல் மது ருசி பார்ப்பதில் கைதேர்ந்த வியாபாரிகள் பாஸ்டரின் கல்லூரிக்கு வந்தார்கள். சூடாக்கிய மதுவையும் சூடாக்காத மதுவையும் ருசித்து, சிறு வித்தியாசங்களைச் சொன்னார்கள்.

பாஸ்டருக்கு ஒரு சந்தேகம். வந்தவர்களிடம் சொல்லாமல் ஒரே மதுவை இரண்டு குவளைகளில் ஊற்றிக் கொடுத்தார். அப்போதும் அவர்கள், இது ஒரு ருசி, அது வேறு ருசி என்று கூறினார்கள்!

நாக்கு பொய் சொல்வதில்லை. ஆனால் மனம் நாக்கை ஏமாற்றிவிடும். ருசி பார்க்கிறவர் எதைக் குடிக்கிறோம் என்று அறியாமல் இருந்தால்தான் தீர்ப்பு நேர்மையாக இருக்கும். இன்று பல நாடுகளில் நடக்கும் பீர், மதுப் போட்டிகளில் பெயரை மறைத்தே குவளையைக் கொடுக்கிறார்கள்.

துயரங்கள்

இத்தனை வெற்றிக்கும் நடுவே வீட்டில் அடிமேல் அடி. 1859-ல் மூத்த மகள் ழான் டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். வயது ஒன்பது. 1865-ல் தகப்பனார் காலமானார். அதே ஆண்டு இரண்டு வயதுக் குழந்தை கமீல் போய்விட்டாள். மறு ஆண்டு பன்னிரண்டு வயது செசிலையும் டைபாய்டு கொண்டு போயிற்று.

1868-ம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டருக்கே பக்கவாதம் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 45. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பிழைத்தாலும், வாழ்நாள் முழுவதும் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். ஆனால் ஆராய்ச்சி நிற்கவில்லை.

மகனைத் தேடி...

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பிரான்சு தோற்றது. பேரரசர் சிறைப்பட்டார். பாரிஸ் முற்றுகையிடப்பட்டது. பாஸ்டரின் ஒரே மகன் ழான் பப்திஸ்த் படையில் இருந்தான். அவனிடமிருந்து தகவலே இல்லை.

1871-ம் ஆண்டு ஜனவரி. கடும் பனி. நடக்க முடியாத பாஸ்டர், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு குதிரை வண்டியில் மகனைத் தேடிப் புறப்பட்டார். தோற்று ஓடிவந்த சிப்பாய்கள் வழியெங்கும் கந்தல் துணியோடு, பசியோடு தள்ளாடி நடந்தார்கள். போந்தார்லியே என்ற ஊர் அருகே மகனைக் கண்டார்கள். நோயுற்றிருந்தான், ஆனால் உயிரோடு இருந்தான்.

அந்தக் காட்சியைப் பாஸ்டர் மறக்கவே இல்லை. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துக் கௌரவித்திருந்தது. அந்தப் பட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்!

சமாதான உடன்படிக்கையில் அல்சாஸ் மாகாணம் ஜெர்மனிக்குப் போயிற்று. அவர் திருமணம் நடந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரமும் அதோடு போயிற்று.

கத்தி எடுத்துப் போராட அவரால் முடியாது. கையில் இருந்ததோ பூதக்கண்ணாடி. எந்தத் தொழிலில் ஜெர்மனி கொடிகட்டிப் பறக்கிறது என்று யோசித்தார். பீர்! அதிலேயே அவர்களை மிஞ்சிக் காட்டுவது என்று முடிவு செய்தார். தம் முறைப்படி தயாராகும் பீருக்கு தேசப் பழிவாங்கும் பீர் என்றே பெயர் வைக்க விரும்பினார்.

நாட்டுக்கு நாடு ஒரு ருசி

பீர் எப்படித் தயாராகிறது? பார்லியை ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். பிறகு உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் கலக்குகிறார்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சாற்றை ஹாப்ஸ் என்னும் பூவோடு கொதிக்க விடுகிறார்கள். கசப்பும் வாசனையும் அதனால் வருகின்றன. ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நுரை வருவது இந்த வாயுவால்தான்.

சரக்கு எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ருசி வேறு வேறு.

இங்கிலாந்தில் பீர் மிதமான வெப்பத்தில் சில நாட்களில் நொதிக்கும். ஈஸ்ட் மேலே மிதக்கும். பழ வாசனை கலந்த ருசி. வறுத்த தானியம் சேர்த்துச் செய்யும் கறுப்பு போர்ட்டர் பீர், லண்டன் தொழிலாளிகளின் பானம்.

ஜெர்மனியின் பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் குளிர்ந்த நிலவறையில் ஐஸ்கட்டிக்கு நடுவே மெதுவாக நொதிக்க விட்டு, பல வாரம் வைத்திருப்பார்கள். ஈஸ்ட் அடியில் தங்கும். தெளிவான, சுத்தமான ருசி. 1867-ல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் வியன்னா பீருக்குக் கூட்டம் மோதியது.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பீருக்கு ஈஸ்டே சேர்ப்பதில்லை. சாற்றைத் திறந்து வைத்தால் காற்றிலும் மரப்பீப்பாயிலும் உள்ள உயிர்களே நொதிக்கச் செய்யும். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காத்திருப்பார்கள். நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு இருக்கும்.

லண்டனில் ஒரு சோதனை

1871-ல் பாஸ்டர் தம் மாணவர் துய்க்லோ வசித்த கிளேர்மோன் நகருக்குப் போனார். அருகில் ஷாமாலியேர் என்ற இடத்தில் ஒரு சிறிய பீர் வடிசாலை. பீர் கெட்டுவிட்டது என்று வாடிக்கைக்காரர்கள் குறை சொன்னால், வெளியூரிலிருந்து புது ஈஸ்ட் தருவிப்பார்கள். ஏன் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. பாஸ்டர் அங்கேயே ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் சென்றார். விட்பிரெட் என்ற பெரிய வடிசாலைக்குப் போய், போர்ட்டர் பீரின் ஈஸ்டில் கொஞ்சம் கேட்டார். பூதக்கண்ணாடியில் பார்த்தார். குச்சி குச்சியாகக் கெட்ட கிருமிகள்!

உங்கள் போர்ட்டர் பீர் சரியில்லையே என்று கூறினார். வடிசாலைக்காரர்கள் திகைத்துப் போனார்கள். ஒரு வாய் கூடக் குடிக்காமல் இவருக்கு எப்படித் தெரிந்தது? வேறொரு வடிசாலையிலிருந்து அவர்கள் புது ஈஸ்ட் வாங்கியிருந்தார்கள். அதையும் பாஸ்டர் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து மீண்டும் அங்கே போனார். அதற்குள் அவர்கள் சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கி வைத்திருந்தார்கள்!

கண்ணும் நாக்கும்

பாஸ்டர் பாரிஸ் திரும்பினார். நண்பர் பெர்த்தினும் இப்போது அதே கல்லூரியில் உதவித் தலைவர். இங்கேதான் நாம் முதலில் பார்த்த காட்சி நடந்தது.

பாஸ்டர் கிருமிகளைப் பற்றி நீளமாக விளக்கத் தொடங்குவார். முதலில் நல்ல பீராக ஒரு குவளை கொடு, பிரசங்கத்தைப் பிறகு வைத்துக்கொள் என்று பெர்த்தின் கேலி செய்வார். பாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பீர் ருசியில் நண்பரே நிபுணர் என்று ஒப்புக்கொண்டார்.

பீர் கெடுவதற்குக் காரணம் என்ன என்று பாஸ்டரின் கண் சொல்லும். பீர் குடிக்க நன்றாக இருக்கிறதா என்று பெர்த்தினின் நாக்கு சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் முழு உண்மை.

1876-ல் பீரைப் பற்றிய புத்தகத்தைப் பாஸ்டர் வெளியிட்டார். பீரைக் கெடுக்கும் கிருமிகளின் படங்கள் அதில் இருந்தன. ஆறும்போது தூசிக் காற்று படக்கூடாது. பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும். ஈஸ்டில் கலப்பு கூடாது. இதுவே அவர் தந்த பாடம். புட்டியில் அடைத்த பீரை 50, 55 டிகிரி வரை சூடாக்கினால் வெகு நாள் கெடாது என்றும் கண்டார்.

பழி தீர்ந்ததா?

பாஸ்டரின் பழி நிறைவேறியதா? இல்லை. ஜெர்மன் பீரின் புகழ் குறையவில்லை. பாஸ்டர் சொன்ன வழியை எல்லா நாட்டாரும் படித்தார்கள். ஜெர்மானியரும் பயன் பெற்றார்கள். அறிவுக்கு வேலி போட முடியுமா?

டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் வடிசாலை முதலாளி யாக்கப்சன், 1875-ல் சொந்தமாக ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். அங்கே வேலை பார்த்த ஹான்சன், பாஸ்டர் கவனிக்காத ஒன்றைக் கண்டுபிடித்தார். பீரைக் கெடுப்பது வெளிக்கிருமி மட்டும் அல்ல. ஈஸ்டிலேயே கெட்ட இனம் உண்டு! 1883-ல் ஒரே ஓர் உயிரணுவிலிருந்து கலப்பில்லாத ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். யாக்கப்சன் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. கேட்ட வடிசாலைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்.

1884-ல் மருத்துவ மாநாட்டுக்காகக் கோபன்ஹேகன் சென்ற பாஸ்டர், கார்ல்ஸ்பெர்க்குக்கும் போனார். அங்கே அவருடைய பளிங்குச் சிலை இருந்தது. ஒரு தெருவுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுதான் அவருடைய அருமை நண்பர் பெர்த்தின் காலமானார்.

இன்னொரு வேடிக்கை! பாஸ்டர் நோய் என்று ஒதுக்கிய உயிர்களில் சில, வேறு பீருக்கு ருசி தருகின்றன. 1904-ல் கார்ல்ஸ்பெர்க்கின் கிளாசன், பழைய இங்கிலீஷ் பீரின் தனி வாசனைக்கு ஒரு முரட்டு ஈஸ்டே காரணம் என்று கண்டார். பெல்ஜியத்தின் லாம்பிக் பீரிலும் அந்த இனம் உண்டு. இன்று சிறு வடிசாலைக்காரர்கள் அதை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். பலர் பீரைச் சூடாக்காமலே விற்கிறார்கள். பெர்த்தினின் நாக்குக்கும் ஒரு நியாயம் இருந்தது!

அல்சாஸ் சிறுவன்

பீரையும் மதுவையும் கெடுக்கும் கிருமி உண்டென்றால், மனித உடலைக் கெடுக்கும் கிருமியும் இருக்காதா? இந்தக் கேள்விதான் பாஸ்டரைப் பெரும் புகழுக்கு இட்டுச் சென்றது. 1881-ல் ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி கண்டார்.

1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி ஒரு தாய், ஒன்பது வயது மகனுடன் ஓடிவந்தாள். பையன் பெயர் ஜோசப் மைஸ்டர். வெறிநாய் கடித்துக் குதறியிருந்தது. அவன் ஊர் எது? ஜெர்மனி பறித்துக்கொண்ட அதே அல்சாஸ்!

பாஸ்டர் டாக்டர் அல்ல. வேறு டாக்டரைக் கொண்டு 10 நாட்களில் 13 ஊசி போடச் செய்தார். மூன்று பெண் குழந்தைகளை நோய்க்குப் பறிகொடுத்த தகப்பன் அவர். அந்த நாட்களில் அவருக்கு ஏது தூக்கம்? பையன் பிழைத்தான். வளர்ந்த பிறகு பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்திலேயே காவலாளி ஆனான்.

பாரிசில் அந்த நிலையம் 1888-ல் திறக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டுக்கும் அதன் பயன் வந்தது. 1907-ல் நீலகிரிக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. நாய்க்கடி மருந்து தயாரித்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

ஜெர்மனி மீது பாஸ்டருக்கு இருந்த மனக்கசப்பு மட்டும் ஆறவில்லை. 1895-ல் பெர்லினிலிருந்து வந்த ஒரு பெரிய விருதை ஏற்க மறுத்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, 72-ம் வயதில் காலமானார்.

பால் புட்டி சொல்லும் கதை

மது நல்லது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது குடும்பத்தைக் கெடுக்கும் என்பதை நாம் அறிவோம். பாஸ்டரும் குடிக்கும் ஆசையால் பீரை நாடவில்லை. ஆத்திரத்தால் நாடினார். ஆனால் ஆத்திரத்தோடு தொடங்கிய வேலையைக் கூட அவர் நேர்மையாகச் செய்தார். கண்டதைக் கண்டபடி எழுதினார். அதனால் அது பகைவனுக்கும் பயன்பட்டது.

மதுவுக்காகக் கண்ட முறை பிற்காலத்தில் பாலுக்கு வந்தது. பாலை 63 டிகிரியில் அரைமணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிக் குளிர வைக்கிறார்கள். நோய்க் கிருமிகள் மடிகின்றன. பால் ருசி கெடுவதில்லை.

நாளைக் காலையில் குழந்தைக்குப் பால் காய்ச்சும்போது பாக்கெட்டை ஒரு தடவை பாருங்கள். அதில் பாஸ்டர் முறை என்று இருக்கும். நோய்க்குக் குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் பெயர் அது.